பாட்டும் உடைமையும்

"இது என் பாட்டு" என்று ஒருவர் சொல்லும்போது எந்த உரிமையைக் கொண்டு சொல்கிறார்? பாடலை இயற்றிய கவிஞர் அவ்வாறு சொன்னால் அதில் பொருள் உண்டு. இசையமைத்தவர் சொன்னாலும், பாடியவர் சொன்னாலும் நாம் மறுக்கமாட்டோம். உரிமை பெற்ற நிறுவனம் சட்டத்தைக் காட்டிச் சொல்லும். ஆனால், நாள் முழுதும் தேயிலைச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளி, மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பழைய திரைப்பாடல் ஒன்றைக் கேட்டு ஒரு கணம் அசைவற்று நிற்கும் அம்மையாரும் இதே சொற்களைத்தான் சொல்கிறார். அவருடைய உரிமை எங்கிருந்து வருகிறது?

நெடுங்காலம் இக்கேள்விக்கு ஓர் எளிய விடை இருந்தது. பாட்டு கவிஞருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, கடையில் காசு கொடுத்து வாங்கிய தட்டு என்னுடையது. அந்தத் தட்டை நான் கேட்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மகளின் திருமணச் சீரோடு சேர்த்து அனுப்பலாம். இன்று அந்தத் தட்டு நம் வீடுகளை விட்டுப் போய்விட்டது. அதன் பின்வந்த ஒலிநாடாவும் குறுந்தட்டும் அவ்வாறே போயின. பாட்டு மட்டும் போகவில்லை; முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியிருக்கிறது. அப்படியானால் போனது எது? அந்த இழப்பால் நமக்கு வந்து சேரும் கடமை ஏதேனும் உண்டா? இவ்விரண்டையும் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நலம்.

மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் 1877ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது உருளையில் பதிந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1887இல், எமில் பெர்லினர் தட்டையான வட்டில் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். உருளையை விடத் தட்டை அச்சடித்துப் பெருக்குவது எளிது. ஆதலால் தட்டே உலகெங்கும் பரவியது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் செருமனியிலுள்ள ஹானோவர் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தட்டுகளாக அச்சிடப்பட்டன. அங்குள்ள தொழிலாளர்க்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, பாட்டின் முடிவில் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் குரல் தன் பெயரோடு ஒலிக்கிறது. பாட்டும் பெயரும் பிரியாமல் இருந்த அந்த நிகழ்ச்சியைப் படிப்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் தேவை உண்டு.

அக்காலத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்குப் பூச்சி தரும் பிசினோடு கல்தூள் முதலியன கலந்து வார்த்தெடுத்தார்கள். பாண்டவர்க்கு அரக்கு மாளிகை கேடாக அமைந்தது என்பது கதை. நம் இசைக்கோ அரக்கே முதல் வீடாக அமைந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். விடிய விடியப் பாடிப் பழகிய நாடகக் கலைஞர்கள் தம் கலையை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கக் கற்றுக்கொண்டார்கள். திரைப்பாடல்கள் மூன்று, நான்கு நிமிடம் என்ற அளவில் நிலைபெற்றதற்கு அந்தத் தட்டின் அளவும் ஒரு காரணம்.

தட்டு செய்த பேருதவிக்கு ஒரு சான்று போதும். செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, தமிழ் நாடக மேடையின் இணையற்ற பாடகர். தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தபோது அவர் புகழின் உச்சியில் இருந்தார். ஆயினும் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். இன்று அவரை அறிய நமக்கு உள்ள வழி அவர் பாடிய தட்டுகளே. அவை இல்லையேல் 'கிட்டப்பா' என்பது முதியோர் சொல்லிச் சென்ற வெறும் பெயராக நின்றிருக்கும். தட்டு வணிகம் எத்துணைச் செழிப்பாக இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. பின்னாளில் ஏவி.எம். படநிறுவனத்தை நிறுவிய ஏ. வி. மெய்யப்பன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வணிகம் செய்த பிறகே படத்துறைக்குள் நுழைந்தார்.

தமிழ்நாட்டில் இவ்வாறு தட்டுகள் சுழலத் தொடங்கிய காலத்தில், கடல் கடந்து வந்த நம் முன்னோர் இந்த மலைகளில் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் கேமரன் 1885இல் அளந்து சென்ற இந்த மேட்டுநிலத்தில், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு 1931இல் சாலை முடிந்தது. 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. சரிவுகளில் நிரை பிடித்துக் கன்று நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வாழ்ந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வாசலில் நட்ட முருங்கை நின்ற மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து வாழ்க்கையின் எழுதாத முதல் பாடம். எனவே, 'எனது' என்று சொல்லத்தக்கவை அவர்களிடம் மிகச் சிலவே. காதிலும் கழுத்திலும் கிடந்த சிறு நகை, கன்றுடன் ஒரு பசு, சுவரில் தொங்கிய தெய்வப் படங்கள்; சற்று வசதி வந்த வீடுகளில் ஒரு பாட்டுப் பெட்டியும் சில தட்டுகளும்.

என் இளமைக் காலமாகிய 1970களின் பிற்பகுதியில், தோட்டத்து லயங்களில் இவை அருகியே காணப்பட்டன. பட்டணத்துக்குச் சென்று வருபவர் ஏழு அங்குலத் தட்டு ஒன்றை வாங்கி வருவார். 1949இல் அமெரிக்காவில் அறிமுகமான, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறு தட்டு அது. பக்கத்துக்கு ஓரிரு பாடல்களே அதில் இருக்கும். மலையின் குளிரில் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கமுடைய லயத்து மக்கள், அன்று மட்டும் கதவைத் திறந்து வைப்பார்கள். ஒருவர் வாங்கிய பாட்டு, ஒரு வரிசை வீடுகளுக்கும் வந்து சேரும்.

அந்தச் சிறிய தட்டின் இயல்புகளாக மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, தேர்ந்தெடுத்தல். மாதச் சம்பளத்தில் ஒரு தட்டு வாங்கத்தான் முடியும் என்றால், எந்தத் தட்டு என்று எண்ணியாக வேண்டும். கடைக்காரரிடம் போட்டுக் காட்டச் சொல்லி, விலை கேட்டு, வேறொன்றை விட்டுவிட்டு, இதுவே வேண்டும் என்று முடிவு செய்தவன், தான் எத்தகைய மனிதன் என்பதையும் அந்த முடிவில் ஒரு சிறிது வெளிப்படுத்தினான். ஒன்றை விரும்பி மற்றொன்றை விடும் பழக்கமே சுவையுணர்வின் தொடக்கம். விடுவதற்கு ஒன்றும் இல்லாதவனுக்குத் தேர்வதற்கும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பெயர். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் ஆகியவை இருந்தன. பல தட்டுகளில் பாடலாசிரியர் பெயரும் இருந்தது. பாடத்தில் கல்யாணசுந்தரத்தையும் கண்ணதாசனையும் அறிவதற்கு முன்பே அப்பெயர்களைத் தட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் உண்டு. பாட்டு மரத்தில் காய்ப்பதில்லை, அதை ஒருவர் எழுதுகிறார், அவருக்கு ஒரு பெயர் உண்டு என்ற எளிய உண்மையை அந்த வட்டத் தாள் கற்பித்தது.

மூன்றாவது, கைம்மாற்று. தட்டைக் கேட்டு வாங்கலாம், கொடுக்கலாம். கீறல் விழாமல் திருப்பித் தர வேண்டும் என்ற பொறுப்பு வாங்கியவனுக்கு இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்கு எவரும் தட்டுக் கொடுப்பதில்லை. ஒரு பொருள் கைமாறும் இடத்தில் நாணயமும் சோதிக்கப்படுகிறது என்பதை இளையோர் அதில் கற்றனர்.

பின்னர் மாற்றங்கள் விரைந்து வந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட் எனும் ஒலிநாடா, 1980களில் தட்டை ஓரங்கட்டியது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அவற்றை ஒரு நாடாவில் பதிந்து தருவார். அதில் தேர்வு இருந்தது. ஆனால் பாடியவர்க்கும் எழுதியவர்க்கும் உரிய பங்கு போய்ச் சேரவில்லை. 1982இல் குறுந்தட்டு வந்தது. 1999இல் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை, உலகெங்கும் உள்ளவர் தம்மிடமுள்ள பாடல்களைக் காசின்றிப் பகிர வழி திறந்தது. உழைத்தவர்க்குக் கூலி மறுக்கப்படும்போது அது எத்துணை வலிக்கும் என்பது தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆதலால், அந்த இலவசத்தை அறமென்று நாம் கொண்டாட இயலாது. நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரலில் ஒரு பாட்டை 99 காசு, அதாவது ஒரு டாலருக்கு ஒரு காசு குறைவாக, இணையத்தில் விற்கத் தொடங்கியது. இங்கு ஒரு வியப்பைக் காண்கிறோம். பதிவிறக்கம் ஒற்றைப் பாட்டை அழிக்கவில்லை, அதனை மீட்டது. பெருந்தட்டு முழுவதையும் வாங்கியாக வேண்டிய நிலை மாறி, வேண்டிய ஒரு பாட்டை மட்டும் வாங்கும் பழைய வழக்கம் திரும்பியது. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலைக் கணிப்போர் 2005இல் பதிவிறக்கங்களையும் சேர்த்து எண்ணத் தொடங்கினர். அடுத்த ஆண்டே, கடையில் ஒரு தட்டும் விற்காத நிலையில், பதிவிறக்கத்தால் மட்டும் ஒரு பாட்டு முதலிடம் பெற்றது. ஒற்றைப் பாட்டு வென்றது. ஒற்றைத் தட்டு தோற்றது. தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. 2011 நவம்பரில் '3' என்ற படத்தின் 'கொலவெறி' பாட்டு, படம் வருமுன்னரே இணையத்தின் வழி உலகைச் சுற்றியது. இன்று புதிய படம் ஒன்று வரப்போகிறது என்றால் 'முதல் சிங்கிள்' வெளியாகும் நாளை இளையோர் எதிர்பார்க்கின்றனர். அவர்களுள் 'சிங்கிள்' என்பது ஒரு காலத்தில் கையில் பிடிக்கும் பொருளாக இருந்தது என்று அறிந்தவர் சிலரே. பொருள் மறைந்த பின்னும் சொல் வாழ்வது மொழியில் வழக்கம்தான்.

அதன் பின் வாங்குதலும் தேவையற்றுப் போயிற்று. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் 2008 முதல் வளர்ந்தன. நம் நாட்டுக்கு அது 2013இல் வந்தது. இப்போது பாட்டை எவரும் வாங்குவதில்லை. கேட்பதற்கு இசைவு பெறுகிறோம். சந்தா தீர்ந்தால் அந்த இசைவும் தீர்கிறது.

இந்த மாற்றத்தைக் கண்டு, அன்று எல்லாம் நன்று, இன்று எல்லாம் தீது என்று புலம்புவோர் உளர். நான் அவர்களோடு சேர இயலாது. தட்டுக் காலத்தின் குறைகளையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். லயத்தில் ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டி இருந்ததென்றால், மற்றைய வீடுகளில் இல்லை என்பதே அதன் மறுபக்கம். எந்தப் பாட்டைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் ஆண்களே முடிவு செய்தனர். அடுப்படியில் நின்ற பெண்ணின் விருப்பத்தைக் கேட்டவர் அரியர். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி விடியுமுன் தொடங்கிவிட்டால், நோயாளிக்கும் தேர்வு எழுதும் மாணவனுக்கும் தப்பும் வழி இல்லை. கூட்டாகக் கேட்டல் என்று நாம் போற்றுவதில் ஒரு பங்கு கட்டாயமாகக் கேட்டலே. இன்று கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தி காதில் சிறு கருவியை வைத்துக்கொண்டு தனக்குப் பிடித்த பாட்டைத் தானே கேட்கிறாள். அவளுடைய அந்தச் சிறு விடுதலையை இகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மேலும், லயத்து மக்கள் ஒன்றுகூடிக் கேட்ட வழக்கம் கைப்பேசியால் மட்டும் அழியவில்லை. அவர்களின் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றனர். தேயிலைச் சரிவுகளில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்துவிட்டது. கூடிக் கேட்க மக்கள் இல்லாத இடத்தில் கருவியைக் குறை கூறிப் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. கிட்டப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அன்று அவருடைய தட்டு வைத்திருப்பவரைத் தேட வேண்டும். இன்று கம்போங் ராஜாவில் இருக்கும் ஒரு சிறுவன் அதனை நொடியில் கேட்கிறான். இது சிறிய நன்மையன்று.

ஆகவே, இழப்பு எங்கே என்று தேடும்போது ஒலியின் தரத்திலோ பழைமையின் இனிமையிலோ தேடக்கூடாது. உடைமை இசைவாக மாறியதில்தான் இழப்பு இருக்கிறது. 2009இல் அமேசான் நிறுவனம், வாசகர் விலை கொடுத்து வாங்கிய ஆர்வெலின் '1984' நாவலின் மின்படிகளை, அவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கிவிட்டது. உரிமையில்லாதவர் விற்ற படி என்பது காரணம்; பணமும் திருப்பித் தரப்பட்டது. ஆயினும், கடைக்காரன் நள்ளிரவில் வீடு புகுந்து விற்ற நூலைத் திரும்ப எடுத்துச் செல்வது காகிதப் புத்தகக் காலத்தில் நிகழக்கூடியதா? 2019இல் மைஸ்பேஸ் என்ற இணையத்தளம், 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் இடமாற்றத்தின்போது அழிந்துவிட்டன என்று அறிவித்தது. பெயர் பெறாத எத்தனையோ இளங்கலைஞரின் முதல் முயற்சிகள் அதோடு போயின. பாதுகாப்பாக இருக்கிறது என்று எல்லாரும் நம்பினர். பாதுகாக்க வேண்டியவர் நாமே என்று அவர்களுள் பலர் எண்ணவில்லை.

பொருளாக இருந்தால் மட்டும் அழியாதா என்று கேட்கலாம். அழியும். 2008இல் ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் மூல ஒலிப்பதிவுகள் பல எரிந்தன. அரக்குத் தட்டு கைதவறினால் உடையும். நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் தட்டு ஆயிரம் வீடுகளில் இருந்தது. ஒரு வீட்டில் உடைந்தால் மற்றொரு வீட்டில் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அதனைத் துடைத்து உறையிலிட்டு வைக்க ஒருவர் இருந்தார். உடைமை என்பது அனுபவிக்கும் உரிமை மட்டுமன்று. காக்கும் பொறுப்பும் அதனுள் அடங்கும். என்னுடையது என்று எண்ணுபவன் காக்கிறான். யாருடையதோ என்று எண்ணுபவன் பயன்படுத்திவிட்டுப் போகிறான். லயத்து வீட்டின் கூரை ஒழுகினால் தோட்டத்து அலுவலகம் பார்க்கட்டும் என்று இருந்து பழகிய நமக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். வீடு நம்முடையதாக இல்லாமல் போனது நம் குற்றமன்று. பாட்டையும் அவ்வாறே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அதன் காவலைப் பிறரிடம் விட்டுவிட்டால் அதற்குப் பொறுப்பு யாருடையது?

இதனைக் கருத்தளவில் மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேலை ஓய்ந்து மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பெரியவர் ஒருவர், ஒரு தகரப் பெட்டியை நான் பணியாற்றும் பள்ளிக்குக் கொண்டு வந்தார். "ஐயா, அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லை என்கிறான் பையன். குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை" என்றார். உள்ளே சில தட்டுகளும் ஒலிநாடாக்களும் இருந்தன. அவற்றைப் போட்டுக் கேட்கும் கருவி பள்ளியில் இல்லை. இளம் ஆசிரியை ஒருவர், "இவையெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கின்றன, ஐயா" என்று சொல்லி, ஒவ்வொரு பெயராகத் தேடிக் காட்டினார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியே. திரைப்பாடல்கள் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தன. 'திருவிளையாடல்' படத்தின் உரையாடலும் கிடைத்தது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. நீல மையால் 'கும்மி' என்று எழுதிய ஒலிநாடா அது. ஈப்போவில் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றிக் கேட்டோம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் பாடிய கும்மிப் பாட்டு. இரைச்சலுக்கு இடையே கைத்தட்டும் குரலும் தெளிவாகக் கேட்டன. நடுவில் ஒருத்தி அடி மாறிப் பாடிவிட்டுச் சிரிக்கிறாள், மற்றவர்களும் சிரிக்கிறார்கள், பிறகு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பாடியவர்கள் யார் என்று பெரியவரைக் கேட்டோம். ஏழு பெயர் சொன்னார். இன்னும் இருவர் இருந்தனர் என்றும், அவர்கள் பெயர் நினைவில் வரவில்லை என்றும் சொன்னார். கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே சொல்லிச் சென்றார். நம் பெண்களிடம் அப்படிச் சொல்லச் சொன்னவர் எவரும் இல்லை.

சந்தை எதைக் காக்கும் என்பது இதில் விளங்குகிறது. விற்கத்தக்கதைச் சந்தை காக்கும். அதில் குறை காண வேண்டியதில்லை, அது சந்தையின் இயல்பு. திரைப்பாடலுக்கு உரிமையாளர் உண்டு, ஆதாயம் உண்டு, ஆகவே காவலும் உண்டு. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும், கொழுந்துக் காட்டில் பாடிய பாட்டுக்கும், கோயில் கும்மிக்கும் உரிமை கொண்டாட ஒரு நிறுவனமும் வராது. அவை நம்முடையவை. நம்முடையவை என்பதாலேயே நாம் காக்காவிட்டால் காப்பவர் இல்லை. எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்ற சொல்லில் உள்ள தீங்கு, அது பொய் என்பதன்று. அது பாதி உண்மையாக இருந்து, மறுபாதியைத் தேடும் முயற்சியை நிறுத்திவிடுகிறது என்பதே.

தமிழர்க்கு இந்தச் சிக்கல் புதிதன்று. பனை ஓலை நிலையான பொருள் அன்று. பூச்சி அரிக்கும், காலம் முறிக்கும். ஆகவே தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினார்கள். சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்தமைக்கு ஓலையின் உறுதி காரணமன்று. இடையறாமல் படியெடுத்த கைகளே காரணம். படியெடுப்பது எந்தத் தலைமுறையில் நின்றதோ அந்தத் தலைமுறையில் நூல்கள் இறந்தன. நீரிலும் தீயிலும் போன ஏடுகளை எண்ணி வருந்திய உ. வே. சாமிநாதையர், எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அவருக்குப் பின், செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், பிறர் கழித்துக் கட்டிய நூல்களையும் இதழ்களையும் விளம்பரத் தாள்களையும் சேர்த்து வைத்தார். அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. இவ்விருவரும் அந்த நூல்களை எழுதியவரல்லர். ஆயினும், இவை என்னுடையவை என்று எண்ணிக் காத்தார்கள். அந்த எண்ணமே உடைமையின் உயர்ந்த வடிவம்.

மேலைநாடுகளில் இப்போது பழைய தட்டுகளுக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின் முதன்முறையாக, குறுந்தட்டுகளை விடப் பெருந்தட்டுகள் எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டும் என்ற மனித ஆவல் எளிதில் மடியாது என்பதை அது காட்டுகிறது. ஆனால், விலையுயர்ந்த தட்டை வாங்கி அலமாரியில் அடுக்குவதால் நம் சிக்கல் தீராது. கும்மிப் பாட்டைத் தட்டாக அச்சடித்து விற்க எவரும் வரப்போவதில்லை.

அப்படியானால், தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை என்ன? கொழுந்து கிள்ளும் அம்மையார் "இது என் பாட்டு" என்று எந்த உரிமையில் சொல்கிறார்? விலை கொடுத்ததால் வரும் உரிமை தட்டோடு முடிந்தது. சட்டம் தரும் உரிமை என்றுமே அவரிடம் இருந்ததில்லை. எஞ்சி நிற்பது ஒன்று: அவர் அந்தப் பாட்டை முழுதும் அறிவார், கருவி இல்லாமலும் பாடுவார், பேத்தியைத் தூங்க வைக்கும்போது அவள் செவியில் அதனைச் சேர்ப்பார். பிறருக்குக் கொடுக்க வல்லவனே ஒரு பாட்டை உடையவன் என்று நான் கருதுகிறேன். கோடிப் பாட்டைக் கைப்பேசியில் வைத்திருந்தும், அது அணைந்தால் ஒன்றையும் பாட இயலாதவனை, பாட்டில் செல்வன் என்று சொல்ல முடியுமா? வள்ளுவர் கல்விக்கு அருகிலேயே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். காதில் விழுவதெல்லாம் கேள்வி ஆகாது; உள்ளத்தில் தங்கிப் பயன்படுவதே கேள்வி.

இதிலிருந்து நம் கடமைகள் தெளிவாகின்றன. அவை பெரும்பொருள் வேண்டும் செயல்கள் அல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் எஞ்சியுள்ள முதியவர்களைத் தேடிச் சென்று அவர்கள் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். பாட்டை வெல்லும் கருவி என்று நாம் அஞ்சும் கைப்பேசியே அதற்குப் போதும். பதிவின் தொடக்கத்தில் பாடுபவர் தம் பெயரையும் ஊரையும் தாமே சொல்லட்டும். பதிந்ததை ஓர் இடத்தில் மட்டும் வைக்காமல் பள்ளியில் ஒன்று, கோயிலில் ஒன்று, எழுத்தாளர் சங்கத்தில் ஒன்று எனப் பல இடங்களில் வைக்க வேண்டும். சொற்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கருவிகள் மாறும், எழுத்து நிற்கும். யாவற்றுக்கும் மேலாக, தொடக்கப் பள்ளியை முடித்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரின் பாட்டு ஒன்றையேனும் மனப்பாடமாக எடுத்துச் செல்ல வேண்டும். அதற்குச் சந்தா இல்லை. அதனை எந்த நிறுவனமும் நள்ளிரவில் நீக்க இயலாது.

நம் முன்னோர் இந்த மலைக்கு வந்தபோது கையில் கொண்டு வந்தது மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொருவரும் சில பாட்டுகளைக் கொண்டு வந்தனர். நிலமும் வீடும் அவர்களுடையதாகாத போதும் அந்தப் பாட்டு அவர்களுடையதாகவே இருந்தது. அவர்கள் வழிவந்த நாம் மலையை விட்டு இறங்கும்போது எதை எடுத்துச் செல்லப் போகிறோம் என்பதை, பாடத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும் நாள்களிலேயே முடிவு செய்தாக வேண்டும்.